ஆறு ஆம்பியர் பிளக்கு

ஜெகன்: ...அதான் சொல்லிக்கினே கீறேன்ல. ஞாயித்துக்கிழமை நான் வேலைல கை வைக்கமாட்டேன். பாதி ஷட்டர் எறக்கி வச்சதைப் பாத்துமா உள்ள வர்ற?

ராணி: பாதி தொறந்து கீதேன்னு வந்தேன்.

ஜெகன்: வாய்க்கு மட்டும் கொறச்சல் இல்ல. நாளைக்கு வா.

ராணி: நாளைக்கு வந்து இன்னா ஆவப்போவுது அண்ணாத்தே? மீட்டிங் இன்னிக்கி அஞ்சு மணிக்கு. இப்பவே மூணரை.

ஜெகன்: மீட்டிங் ஃபிளாட்டுக்காரங்களுது. அதுல உனக்கும் எனக்கும் இன்னா? ...மொதல்ல அத்த எறக்கி கீழ வை. இம்மாம் கனத்தை கள்ளிக்குப்பத்துலருந்து மண்ணூர்பேட்டைக்கு எப்படி தூக்கிக்கினு வந்த?

ராணி: ஷேர் ஆட்டோல, மடியில வச்சிக்கினு. துணி சுத்தி வச்சிருந்தேனா, பக்கத்துல குந்தினு இருந்த அம்மா கொழந்தை தூங்குதான்னு கேக்குது.

ஜெகன்: நீ இன்னா சொன்ன?

ராணி: ஆமாம்மா, எழுப்பினா சுட்டுடும்னேன்.

ஜெகன்: சரியான ஆளு நீ. ...தோ பாரு, எரிஞ்ச இஸ்திரிப் பொட்டியை வச்சிக்கினு இன்னா பண்ணப் போற? காயலாங்கடைல போட்டுடு. நம்மளாண்ட ஒரு பழைய பொட்டி கீது, எடுத்துக்கினு போய் ஓட்டிக்கோ.

ராணி: பொட்டி எங்க எரிஞ்சிச்சி? நல்லா பாரு. பிளக்கு எரிஞ்சிச்சி. செவுத்துல போர்டு எரிஞ்சிச்சி, ஒயர் எரிஞ்சிச்சி. பி பிளாக்கு லாவண்யா பொண்ணோட நிச்சயதார்த்தப் பொடவை எரிஞ்சிச்சி. ரசாக் பாய் கை எரிஞ்சிச்சி. பொட்டிக்கு மட்டும் ஒண்ணுமே ஆவல. பத்து நாளா இத்தான் பாத்துக்கினு குந்தினு கீறேன்.

ஜெகன்: ...டீ சொல்லட்டா?

ராணி: டீ வோணாம். பொட்டிக்குள்ள சூடு குடுக்கற காயிலை செக் பண்ணு.

ஜெகன்: காயில்ல இன்னா கீது செக் பண்றதுக்கு? நான் சுத்தின காயிலு அது. இருவத்திரெண்டு வருசமா சுத்தறேன். இந்த இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்ல எத்தினி ஷெட்டுக்கு நம்ம காயில் போவுதுன்னு கேட்டுப் பாரு. இதுவரைக்கும் ஒருத்தன், ஒரே ஒருத்தன், ரிட்டன் கொண்டாந்து டேபிள்ல வச்சதில்ல.

ராணி: நான் வச்சிட்டேன்.

ஜெகன்: வெளையாடாத ராணி.

ராணி: வெளையாடறதுக்கா வந்துகீறேன்? நீ சொன்னா அங்க எல்லாரும் கேக்கறாங்க. அன்னிக்கி நீ சொன்னதைத்தான கேட்டாங்க.

ஜெகன்: அன்னிக்கி நான் இன்னா சொன்னேன்?

ராணி: மறந்துட்டியா?

ஜெகன்: கும்பல்ல ஆளுக்கு ஒண்ணு பேசினாங்க. யார் இன்னா சொன்னாங்கன்னு...

ராணி: நான் சொல்றேன் கேளு. தீ அணைஞ்சதும் மொத போனு உனக்குத்தான் போட்டேன். இருவது நிமிசத்துல வந்து நின்ன. அசோசியேஷன் சிவராமன் சார் உன்னைக் கேட்டாரு, "நீங்க இந்த லைன்ல இருக்கறவரு, எதனால ஆயிருக்கும்"னு. நீ எரிஞ்ச ஒயரை எடுத்து ரெண்டு விரல்ல தேச்சிப் பாத்த. "வேற இன்னா சார், ஒயரிங்தான்"னு சொன்ன. அவ்ளோதான் பேசின. அந்த ஒயரிங் போட்டது ரசாக் பாய். மறுநாள்லருந்து வாட்ச்மேன் அவரை கேட்டுக்குள்ள உடறதில்ல.

ஜெகன்: ஒயர் மெலிசா இருந்துச்சி. மெலிசுன்னுதான் சொன்னேன்.

ராணி: அது மெலிசாத்தான் இருக்கும். படிக்கட்டுக்குக் கீழ லைட்டுக்கும் ஃபேனுக்கும் இழுத்த ஒயரு. ஆறு ஆம்பியர் பிளக்கு. ஆயிரம் வாட்ஸ் பொட்டிக்கு அது தாராளம்னு நீயே சொல்லிகீற. மூணு வருசமா அதுலதான தேச்சேன்? அப்பல்லாம் எரியாத ஒயர் இப்ப ஏன் எரியுது?

ஜெகன்: நாளாச்சில்ல. ஸ்குரு லூசாயிருக்கும்.

ராணி: ஆயிருக்கும், ஆயிருக்கும். ஆளாளுக்கு இத்தான் சொல்றீங்க. அதான் கணக்கு போட்டுப் பாத்துடலாம்னு வந்தேன்.

ஜெகன்: கணக்கா? நீயா?

ராணி: ஏன், நான் போட்டா வராதா? எம் பொண்ணு ரோஷினியோட பத்தாங்கிளாஸ் புக்குல கீது. அவ பக்கத்துல குந்தினு எழுதிக்கினு வந்தேன். தோ... வோல்டேஜை கரண்டால வகுத்தா ரெசிஸ்டன்ஸு. ஓம்னு சொல்லணும். வோல்டேஜையும் கரண்டையும் பெருக்கினா பவரு. அது வாட்ஸ்.

ஜெகன்: புக்குல போட்டிருக்கறது வேற, கடைல நடக்கறது வேற.

ராணி: அப்ப நீ எத்த வச்சி சுத்தற?

ஜெகன்: ...அத்த வச்சித்தான்.

ராணி: அப்பறம் இன்னா? சுவிட்ச போடு, மீட்டரை வை. ரெண்டு நம்பர் கெடைச்சா போதும் எனக்கு.

ஜெகன்: பிளக்கே இல்லியே பொட்டிக்கு.

ராணி: வாங்கியாந்துட்டேன். இந்தா.

ஜெகன்: மீட்டர்ல பேட்டரி போச்சி.

ராணி: எதுல? தோ இந்த டாங் டெஸ்டர்லயா? பட்டனை அமுக்கினா எரியுதே.

ஜெகன்: அத்த ஏன் தொட்ட நீ... இரு இரு, போன் அடிக்குது. சிவராமன் சாரு. இந்த போன்ல ஸ்பீக்கர்தான் வேலை செய்யும். நீ கம்முனு இரு, மூச்சு உடாத. ...சார், சொல்லுங்க சார்.

சிவராமன்: ஜெகன் சார், ஞாயித்துக்கிழமை தொந்தரவு பண்ணுதேன். அஞ்சு மணிக்கு வந்துருவீங்கல்லா?

ஜெகன்: வந்து... வரேன் சார்.

சிவராமன்: லெட்டர் ரெடியா இருக்கு. தீப்பிடிச்சதுக்குக் காரணம் வயரிங் கோளாறுன்னு ரெண்டே வரி. நீங்க கையெழுத்து மட்டும் போட்டாப் போதும். விஷயம் தெரிஞ்ச ஆள் ஒருத்தர் சொன்னாத்தான் மத்தவங்க ஒத்துக்கிடுவாங்க.

ஜெகன்: ரசாக்கை இன்னா பண்ணப் போறீங்க சார்?

சிவராமன்: நாலு பிளாக்லயும் இனிமே அவருக்கு வேலை கிடையாது. நூம்பல் ஏரியால நம்ம ஆளுக இருக்கிற அபார்ட்மெண்ட் வாட்ஸ்அப் குரூப்லயும் போட்டுருவோம், அவங்களும் சூதானமா இருக்கணும்லா. போலீஸ் கம்ப்ளைண்ட் வேணும்னு சிலபேரு சொல்லுதாங்க. அதை உங்க லெட்டரை வச்சு முடிவு பண்ணலாம். எனக்கும் மனசு கேக்கல சார். நல்ல மனுஷன்னு நினைச்சிருந்தோம்.

ஜெகன்: ...சரி சார்.

சிவராமன்: அந்த ராணியம்மாவும் வரணும். பாத்தா சொல்லிருங்க.

ஜெகன்: பாத்தா சொல்றேன் சார். வச்சிடறேன்.

ராணி: பாத்தியா?

ஜெகன்: இன்னாத்த?

ராணி: என்னை.

ஜெகன்: இந்த நேரத்துலயும் கலாய்க்கற பாரு...

ராணி: அழுதா உனக்குப் புடிக்காது. அண்ணாத்தே, நாலு பிளாக்கும் போயிடுச்சின்னா பாய்க்கு வேற இன்னா கீது? அதுலயும் வலது கை. இன்னும் கட்டு பிரிக்கல. ஸ்குரு டிரைவரு புடிக்க வரலன்னு அவங்க ஊட்டம்மா சொல்லுச்சி. மாடியில மோட்டர் வேலை பாத்துக்கினு இருந்தவரு பொகை வாசனைக்கு எறங்கி ஓடியாந்து, எரியற பிளக்கை வெறுங்கையால புடிச்சி இழுத்தாரு. அத்த மட்டும் யாரும் பேசறதில்ல.

ஜெகன்: அவனுக்கு வாய் இல்லியா? அன்னிக்கி ஒரு வார்த்தை பேசினானா? எம்மேல தப்பில்லன்னு சொல்லிருக்கலாம்ல? மரம் மாதிரி நின்னான். பேசாம நின்னா நாலு பேரு அவனைத்தான் சொல்லுவாங்க.

ராணி: ...சுவிட்ச போடு.

ஜெகன்: ராணி...

ராணி: நீ போடறியா, நானே போடட்டா?

ஜெகன்: இரு. பிளக்கை மாட்டறேன். நீ பாட்டுக்கு ஏடாகூடமா எதுலயாவது சொருகிடாத.

ராணி: இந்த டேபிள் எரியாதுல்ல?

ஜெகன்: இங்க பெரிய பிளக்கு. பதினாறு ஆம்பியர். ஒண்ணும் ஆவாது. ...ம், போட்டாச்சி. செவுத்துல மீட்டர் இன்னா காட்டுது, படி.

ராணி: எரநூத்தி முப்பத்தெட்டு.

ஜெகன்: வோல்டேஜ் எரநூத்தி முப்பத்தெட்டு, எழுதிக்கோ. இப்ப டாங் டெஸ்டரை ஒயர்ல கவ்வ வைக்கறேன். கரண்டு இன்னா கீதுன்னு காட்டும். தோ... பாத்துக்கோ. ஜீரோ.

ராணி: ஜீரோவா?

ஜெகன்: நீயே பாரேன். ஜீரோ, ஜீரோ, ஜீரோ. நான் சொல்லல மீட்டர் பேஜாரு பண்ணுதுன்னு? ரிப்பேருக்குக் குடுக்கணும். உன் கணக்கு இன்னிக்கி ஓடாது. போய் அடுத்த வாரம்...

ராணி: பொட்டி சூடாவுதே.

ஜெகன்: ஆவும்.

ராணி: கரண்டே போவலன்னா எப்படி சூடாவும்? போற ஒயரு, வர்ற ஒயரு ரெண்டையும் சேத்து கவ்வ வச்சிகீற. ஒண்ணை ஒண்ணு அடிச்சிடும், ஜீரோதான் காட்டும். சேப்பு ஒயரை மட்டும் கவ்வு.

ஜெகன்: யாரு சொன்னா உனக்கு இத்த?

ராணி: கவ்வு அண்ணாத்தே.

ஜெகன்: பத்தாங்கிளாஸ் புக்குல டாங் டெஸ்டரே இருக்காது. யாரு சொல்லிக் குடுத்தது?

ராணி: எங்கியோ பாத்தேன். இப்ப அதுவா முக்கியம்? என்னை ஏமாத்தப் பாத்தியே, அத்த பேசலாமா? பதினஞ்சு வருசப் பழக்கம். எம் புருசன் போனப்ப மொதல்ல வந்து நின்ன ஆளு நீ. என்னாண்டயே ஜீரோ காட்டற.

ஜெகன்: கவ்வறேன். கத்தாத.

ராணி: நான் கத்தலியே.

ஜெகன்: ...தோ. படி.

ராணி: நீ படி.

ஜெகன்: ஏழு புள்ளி மூணு.

ராணி: ம்.

ஜெகன்: சுவிட்ச ஆஃப் பண்ணிடறேன். போதும்.

ராணி: பண்ணு. எரநூத்தி முப்பத்தெட்டை ஏழு புள்ளி மூணால வகுக்கணும். போன்ல போடறேன்... முப்பத்திரெண்டு புள்ளி ஆறு. ஓம். இப்ப பெருக்கறேன்... ஆயிரத்தி எழுநூத்தி முப்பத்தேழு வாட்ஸ். அண்ணாத்தே, பொட்டி மேல தகட்டுல இன்னா அடிச்சிகீது?

ஜெகன்: ஆயிரம்.

ராணி: ஆயிரம் வாட்ஸுக்கு கரண்டு எவ்ளோ போவணும்?

ஜெகன்: எரநூத்தி முப்பதுல... நாலரைக்குக் கொஞ்சம் கம்மி.

ராணி: ஓம்?

ஜெகன்: அம்பத்திமூணு.

ராணி: கால்குலேட்டர் இல்லாமயே சொல்றியே.

ஜெகன்: ஆயிரம் வாட்ஸ்னா அம்பத்திமூணு. தூக்கத்துல கேட்டாலும் சொல்லுவேன்.

ராணி: அப்ப அம்பத்திமூணு இருக்க வேண்டியது எப்படி முப்பத்திரெண்டரை ஆச்சி? தேஞ்சி போச்சா?

ஜெகன்: சூட்டுல கம்பி கொஞ்சம் மாறும்...

ராணி: சூடானா ஏறும்னுதான் புக்குல போட்டிருக்கான். எறங்கும்னு போடல.

ஜெகன்: அந்த புக்கை மூடி வை.

ராணி: மூடிட்டேன். நீ வாயைத் தொற.

ஜெகன்: தண்ணி இருந்தா குடு.

ராணி: இந்தா.

ஜெகன்: பங்குனில ஒருநா இங்க வந்து நின்ன நீ, ஞாபகம் கீதா? மூணு கஸ்டமரு குந்தினு இருந்தாங்க. அவங்க எதிர்ல சொன்ன, "உன் காயிலுக்கு சூடே இல்ல அண்ணாத்தே, உன்னை மாதிரி அதுக்கும் வயசாயிடுச்சி"ன்னு.

ராணி: அது சொம்மா வெளையாட்டுக்கு...

ஜெகன்: அவங்க சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். அன்னிக்கி சாயங்காலமே உன் எடத்துக்கு வந்து வோல்டேஜ் பாத்தேன். நூத்தி எம்பது. லைன் கடைசில கீது உங்க ஃபிளாட்டு. ஆறு மணிக்கு எல்லா ஊட்லயும் ஏசி போட்டுடறாங்க. நூத்தி எம்பதை அம்பத்திமூணால வகுத்தா மூணு புள்ளி நாலு ஆம்பியர். பெருக்கினா அறநூத்திப் பத்து வாட்ஸ். ஆயிரம் வாட்ஸ் பொட்டி, அறநூத்திப் பத்துல கெடக்குது. எங்கருந்து சூடு வரும்?

ராணி: அப்ப காயில்ல கொறை இல்ல.

ஜெகன்: இல்ல. நல்ல காயிலு அது. "இது கரண்டு கோளாறு, காலையில தேச்சிக்கோ"ன்னு சொல்லிட்டு வந்திருக்கணும். சொல்லல. கம்பியைக் கொறைச்சி வேற காயிலு சுத்தினேன். நூத்தி எம்பதுலயே ஆயிரம் வாட்ஸ் வர்ற மாதிரி. கம்பி கொறைஞ்சா ஓம் கொறையும், ஓம் கொறைஞ்சா கரண்டு ஜாஸ்தி போவும். முப்பத்திரெண்டு புள்ளி நாலு ஓம். அளந்து அளந்து வெட்டினேன்.

ராணி: அதுக்கு எவ்ளோ இழுக்கும்?

ஜெகன்: அஞ்சரை ஆம்பியர். உன் பிளக்கு ஆறு. உள்ளதான் இருந்துச்சி. கணக்கு கரீட்டு ராணி. அன்னிக்கி வோல்டேஜுக்கு அது கரீட்டு.

ராணி: மறுநாளே ஒரே இழுப்புல காட்டன் சட்டை மடிப்பு நின்னுச்சி. உனக்கு வடகறி கூட வாங்கியாந்தேன்.

ஜெகன்: சாப்ட்டேன்.

ராணி: கம்பியைக் கொறைச்சிட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லிருக்கலாம்ல?

ஜெகன்: சொன்னா காரணம் சொல்லணும். காரணம் சொன்னா இதுல ஒண்ணும் பெரிய வித்தை இல்லன்னு ஆயிடும். ஜெகன் கை வச்சா சூடு பறக்குதுன்னு நீ நாலு பேராண்ட சொல்லணும். அதுதான் எனக்கு வோணும். ...இப்ப சொல்லவே கேவலமா கீது.

ராணி: அப்பால சித்திரைல எங்க தெருவுக்கு புது டிரான்ஸ்ஃபார்மர் வந்துச்சி.

ஜெகன்: ம்.

ராணி: வோல்டேஜ் எரநூத்தி நாப்பதுக்கு ஏறிடுச்சி.

ஜெகன்: ம்.

ராணி: அது உனக்குத் தெரியாது. உன் கடை இங்க கீது, நீ எங்க பாத்திருக்கப் போற. தெரியாம நடந்து போச்சின்னு சொல்லிட்டா...

ஜெகன்: பாத்தேன்.

ராணி: இன்னாது?

ஜெகன்: அன்னிக்கி அந்த வழியாத்தான் வண்டில போனேன். கிரேன்ல தூக்கிக்கினு இருந்தாங்க. வண்டியை நிறுத்திப் பாத்தேன். கணக்கு தானா மண்டையில ஓடிச்சி. எரநூத்தி நாப்பதை முப்பத்திரெண்டு புள்ளி நாலால வகுத்தா ஏழு புள்ளி நாலு. ஆறு ஆம்பியர் பிளக்குல ஏழரை போவப் போவுது. கிட்டத்தட்ட ஆயிரத்தி எண்ணூறு வாட்ஸ் இழுக்கப் போவுது. நாளைக்கு மொத வேலையா ராணி பொட்டில காயிலை மாத்திடணும்னு நெனச்சேன்.

ராணி: நாளைக்கு...

ஜெகன்: மறுநா ஒரு ஷெட்டுல அர்ஜெண்ட் வேலை. அதுக்கு மறுநா மழை. அப்பறம் ஒவ்வொரு நாளும் காலையில நெனப்பு வரும், சாயங்காலம் போயிடும். ஒண்ணும் ஆவலியே, ஆவாதுன்னு தோணிப் போச்சி. பதினேழு நாளு. ஒரு போன் போட்டு "தேய்க்காத"ன்னு சொல்லிருந்தா முடிஞ்சிருக்கும். மாத்தறேன்னு சொன்னா ஏன்னு கேப்ப. அதுக்கு வாய் வரல.

ராணி: அன்னிக்கி நான் தீப்புடிச்சிச்சின்னு போன் போட்டப்ப...

ஜெகன்: அப்பவே தெரிஞ்சி போச்சி எனக்கு. என் காயிலுதான்னு.

ராணி: அப்பறம் எப்படி அண்ணாத்தே "ஒயரிங்தான்"னு வந்துச்சி வாயில?

ஜெகன்: தெரியல. ரசாக்கு எதிர்ல நின்னுக்கினு இருந்தான். கையில ஈரத்துணி. என்னையே பாக்கறான். நான் அவன் மூஞ்சியைப் பாக்காம ஒயரைப் பாத்துக்கினே சொன்னேன். சொல்லி முடிச்சப்பறம்கூட யாராவது "இல்லப்பா, காயிலையும் பாருங்க"ன்னு சொல்லமாட்டாங்களான்னு இருந்துச்சி. யாரும் சொல்லல. எல்லாரும் என்னை நம்பினாங்க. அதான் தாங்கல. பத்து நாளா சோறு எறங்கல. கடையில ஒரு பையன் "அண்ணே, ரசாக் அண்ணன் கடன் ஏதாவது பாக்கி கீதா, ஏன் இந்தப் பக்கம் வர்றதில்ல"ன்னு கேட்டான். அவனை அடிக்கப் போயிட்டேன். ரசாக்குக்கு மொதமொத மீட்டர் வாங்கிக் குடுத்தது நானு. அவன் கல்யாணத்துக்கு சீரியல் லைட்டு போட்டது நானு.

ராணி: இன்னிக்கி அந்த லெட்டர்ல கையெழுத்து போடறதாத்தான் இருந்தியா?

ஜெகன்: ஆமா.

ராணி: நான் வரலன்னா போட்டிருப்ப.

ஜெகன்: போட்டிருப்பேன். வேற இன்னா சொல்லச் சொல்ற? இந்தக் காயிலு மேட்டரு வெளிய போச்சின்னா எஸ்டேட்ல ஒருத்தன் என்னாண்ட சுத்தக் குடுக்கமாட்டான். அந்த பயம். ரசாக்கு சின்னப் புள்ளையா, எங்கியாவது பொழைச்சிக்குவான்னு எனக்கு நானே சொல்லிக்கினேன். கட்டு போட்ட கையோட எங்க போய் பொழைப்பான்? அதுவும் தெரியும். தெரிஞ்சேதான் சொல்லிக்கினேன்.

ராணி: மணி நாலேகால்.

ஜெகன்: பேப்பர் எடு. அந்த பில்லு புக்குக்குப் பின்னாடி கீது பாரு. பேனா...

ராணி: இன்னா பண்ணப் போற?

ஜெகன்: அவர் லெட்டர்ல கையெழுத்து வோணாம். நானே ஒண்ணு எழுதிக்கினு போறேன். வாயால சொல்லப் போனா திக்கும். நடுவுல பொய் பூந்துக்கும், என்னைப் பத்தி எனக்குத் தெரியும். எழுதினது எழுதினபடி படிச்சிடறேன்.

ராணி: சொல்லு, நான் எழுதறேன். நீ எழுதி முடிக்கறதுக்குள்ள அஞ்சு மணி ஆயிடும்.

ஜெகன்: "சிவராமன் சார் அவர்களுக்கு. இஸ்திரிப் பெட்டியில் இருந்த காயில் நான் சுத்தியது. அது ஐம்பத்திமூணு ஓம் இருக்க வேண்டும். நான் முப்பத்திரெண்டு புள்ளி நாலு ஓம் வைத்தேன்." எழுதினியா?

ராணி: ம்.

ஜெகன்: "இருநூத்தி நாற்பது வோல்டேஜில் அது ஏழு புள்ளி நாலு ஆம்பியர் இழுக்கும். ஆறு ஆம்பியர் பிளக்கு அதைத் தாங்காது. எவ்வளவு நல்ல ஒயரிங் போட்டிருந்தாலும் பிளக்கு எரிந்திருக்கும். அப்துல் ரசாக் மேல் எந்தத் தப்பும் இல்லை. டிரான்ஸ்ஃபார்மர் மாற்றியது தெரிந்தும் நான் சொல்லவில்லை. அன்றைக்கு எல்லார் முன்னாலும் நான் பொய் சொன்னேன்."

ராணி: பொய் சொன்னேன்னே எழுதட்டா?

ஜெகன்: வேற எப்படி எழுதறது?

ராணி: ...எழுதிட்டேன்.

ஜெகன்: கடைசியா ஒரு வரி. "இதில் ராணிக்கு எதுவும் தெரியாது. அவர் தெரியாமல்தான் அந்தப் பெட்டியை உபயோகித்தார்." அத்த போட்டுடு. உனக்கு படிக்கட்டுக்குக் கீழ எடம் குடுத்திருக்காங்க, என்னால அது போவக்கூடாது.

ராணி: அந்த வரி வோணாம் அண்ணாத்தே.

ஜெகன்: ஏன் வோணாம்? இதுல நீதான் பாவம். இன்னா, ஏதுன்னு தெரியாம தேச்சிக்கினு இருந்த. காயிலு மாத்தினது நானு, கம்முனு இருந்தது நானு, பழி போட்டது நானு. நீ இன்னா பண்ண? கணக்கு போட்டு உண்மையை வெளிய கொண்டாந்துகீற. ரசாக்கு உன் கால்ல உழணும்.

ராணி: அப்படி சொல்லாத.

ஜெகன்: தோ பாரு, ஏன் அழுவற? முடிஞ்சிடிச்சில்ல. இந்த லெட்டரைப் படிச்சா அவனை உள்ள உட்டுடுவாங்க.

ராணி: அதுக்குத்தான் வந்தேன். உன்னாண்டருந்து ஒரு கணக்கு கெடைச்சிட்டா, பாய் பழியிலருந்து வெளிய வந்துடுவாரு. என் பேச்சே எடுக்காம முடிஞ்சிடும்னு வந்தேன்.

ஜெகன்: உன் பேச்சா? உன் பேச்சு இன்னா கீது அதுல?

ராணி: பாய் ஏன் வாயே தொறக்கலன்னு கேட்டியே.

ஜெகன்: ஆமா. அதான் எனக்கு இன்னும் புரியல. ஒரு வார்த்தை, எம்மேல தப்பில்லன்னு...

ராணி: தீப்புடிக்கறதுக்கு நாலு நாள் முன்னாடியே அவர் போர்டைக் கழட்டி, சேப்பு ஒயரை மட்டும் டாங் டெஸ்டர்ல கவ்வ வச்சி எனக்குக் காட்டினாரு அண்ணாத்தே. "அக்கா, பொட்டி ரொம்ப இழுக்குது, நான் பெரிய பிளக்கு போடற வரைக்கும் சுவிட்சைத் தொடாதீங்க"ன்னாரு. முகூர்த்த சீசனு, துணி குவிஞ்சி கெடந்துச்சி... சரி பாய்னு தலையாட்டிட்டு, அவர் கேட்டைத் தாண்டினதும் போட்டுட்டேன். நீ வர்றதுக்கு முன்னாடி சிவராமன் சார் எல்லார் எதிர்லயும் என்னைத்தான் மொதல்ல கேட்டாரு, "ரசாக் உங்களுக்கு எதுவும் எச்சரிக்கை சொன்னாரா"ன்னு. பாய் என் பக்கத்துலயே நின்னாரு, வெந்த கையைப் புடிச்சிக்கினு. நான் "இல்ல சார்"னு சொன்னேன். சார் திரும்பி அவரைக் கேட்டாரு. அவர் என் மூஞ்சியை ஒரு தடவை பாத்தாரு... பாத்துட்டு, அவரும் இல்லன்னு தலையாட்டினாரு.